இருபத்தோராவது முகமூடி

எழுபதுகளின் தில்லியில், சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸ் பையன்களான எங்களுக்கு இந்தி சொல்லிக்கொடுத்த பெருமை பள்ளிக்கூடத்துக்கு உண்டோ இல்லையோ, இந்திரஜால் காமிக்ஸுக்கு உண்டு. கடை வாசலிலேயே குந்தியிருந்து படித்தால் ஒரு வாடகை, சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்னொரு வாடகை என்றிருந்த அந்நாளில், லீ ஃபாக் 1936-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் உலவவிட்ட வேதாளர், மண்டையோட்டு மோதிரமும் குதிரையுமாக எங்கள் மொட்டைமாடிகளில்தான் நிரந்தரமாகக் குடியிருந்தார். பல கை மாறிய புத்தகத்தில் கடைசித் தாள் பெரும்பாலும் இருக்காது. அதனாலென்ன, ஆளுக்கொரு முடிவைக் கட்டிச் சொல்லி, யாருடையது நிஜம் என்று மாலை முழுக்கச் சண்டை போட்டோம். என் முடிவுகளில் வில்லன் எப்போதும் எங்கள் கணக்கு வாத்தியார் சாயலில் இருப்பான்.

வேதாளருக்குச் சாவு கிடையாது என்று காட்டுவாசிகள் நம்புவார்கள். உண்மையில் தகப்பன் செத்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான்; நாம் பார்ப்பவர் இருபத்தோராவது ஆள். பதிப்பாளர்களும் அந்தத் தந்திரத்தைத்தான் கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் 1990-இல் கண்மூடியதும், தில்லியின் டைமண்ட் காமிக்ஸ் அவரைச் சாச்சா சௌத்ரிக்குப் பக்கத்து வீட்டுக்காரராக்கியது. தமிழில் ராணி காமிக்ஸ் தத்தெடுத்தது. இப்போது சிவகாசி முத்து காமிக்ஸ்காரர்கள் கெட்டி அட்டை போட்டுச் சிம்மாசனம் தந்திருக்கிறார்கள்.

வழவழத் தாள், ஒட்டாத மை, ஒரு பக்கமும் குறையாத கதை. ஆசையோடு வாங்கி, சிறுவயதில் நான் சண்டையிட்டுக் காத்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். லீ ஃபாக்கினுடையவை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கின்றன. பேரன் தொட வந்தபோது, "கை கழுவிட்டு வாடா" என்று நான் அதட்டியதைக் கேட்டு வீட்டில் ஒருத்தி சிரித்தாள். சட்டைக்குள் வியர்வையில் நனைந்த வேதாளரைத் துவைக்கும்போது கண்டெடுத்த என் அம்மா இருந்திருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பாள்.

பழைய பிரதி வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை. தரியாகஞ்ச் நடைபாதையின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆசஃப் அலி சாலை மகிளா ஹாட்டுக்குள் போய்விட்டது. அங்கே இந்திரஜால் கேட்கும்போது கண்ணில் ஆசையைக் காட்டிவிடாதீர்கள். கடைக்காரர் முதலில் உங்கள் நரையைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை சொல்வார்.