கோடை மழையன்று சாளைத் திண்ணையில் சும்மா கிடத்தல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

முதலில் ஆய்வின் எல்லை. களம், காங்கயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட நாலு ஏக்கர். இரண்டு ஹெக்டேருக்குள் அடங்கிவிடுவதால் அரசுக் கணக்கில் இது சிறு விவசாயியின் நிலம். காலம், சித்திரை. பஞ்சாங்கம் இதை இளவேனில் என்கிறது. தோட்டத்து வீடான சாளையின் தகரக் கூரை வேறு கருத்துடையது. ஆய்வுமுறை, கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்து உற்றுநோக்கல். நோட்டை எடுக்க எழுந்து உள்ளே போக வேண்டியிருந்ததால் குறிப்புகள் எடுக்கப்படவில்லை.

மழைநாள் எது என்பதிலேயே அறிஞர்கள் முரண்படுகிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் பெய்துவிட்டால் போதும், அது மழைநாள். கேட்க அற்பமாகத் தெரியும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் அதுவே சுமார் 10,000 லிட்டர்; லாரித் தண்ணீர் வாங்கித் தென்னையைப் பிழைக்கவைத்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிப்பார்கள். ஆனால் முதன்மைத் தகவலாளியான அப்பாரு, அதாவது தாத்தா, மில்லிமீட்டரை ஏற்பதில்லை. அவருடைய அலகு உழவு. ஏர் இறங்கும் ஆழத்துக்கு ஈரம் போயிருந்தால் அது ஒரு உழவு மழை. கருவி, கைத்தடி. குத்திப் பார்த்து, தடியில் ஒட்டிய மண்ணைத் தடவிப் பார்த்து முடிவு சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

மண்வாசனை பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. 1964இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பியரும் ரிச்சர்ட் தாமஸும் அதற்குப் பெட்ரிகோர் என்று பெயரே வைத்தார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அந்த வாசனையில் பெரும்பங்கு என்பதும் நிறுவப்பட்டது. கன்னோசியில் சுட்ட மண்ணை வடித்து அத்தராகவே விற்கிறார்கள். இவ்வளவும் சரி, ஆனால் யாரும் கட்டுத்தரையைக் கணக்கில் எடுக்கவில்லை. சிறு தோட்டத்தில் மண்வாசனை தனியாக வருவதில்லை. நனைந்த சாணம், நனைந்த சோளத்தட்டு, நனைந்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உதறிய நாய் ஆகியவற்றோடு சேர்ந்துதான் வரும். அத்தர்க்காரர்கள் இன்னும் இந்தக் கலவைக்கு வரவில்லை. வரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இக்கட்டுரையின் மையக் கருதுகோளுக்கு வருவோம். கோடை மழை தருவது தண்ணீர் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அது துணைவிளைவு. மழை முதலாவதாகத் தருவது லீவு. விவசாயிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனால் மழையன்று மோட்டார் போட வேண்டியதில்லை, மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டியதில்லை, களை வெட்ட ஆள் கூப்பிட வேண்டியதில்லை. பார்க்கிறவர்களும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. காரணம் அறிவியல்பூர்வமானது: சொதசொதவென்று இருக்கிற மண்ணில் உழுதால் மண் இறுகிக் கட்டி தட்டிவிடும். "ஈரம் வாங்கட்டும் கண்ணு, பதம் வரட்டும்" என்று அப்பாரு சொல்வது விவசாயப் பல்கலைக்கழகத்திலும் செல்லும். மண்ணுக்கு மண் இந்த லீவு வேறுபடும். செம்மண்காரனுக்குச் சீக்கிரம் பதம் வந்துவிடுகிறது, பாவம். கரிசல்காரன் காலை வைத்தால் செருப்போடு அப்பிக்கொள்ளும்; அவனுக்கு நீண்ட ஓய்வு. மண்வளம் பற்றிய நூல்கள் இந்தச் சலுகையைக் குறிப்பிடாதது வியப்பு.

அமைதி பற்றியும் ஒரு கண்டுபிடிப்பு. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால்தான் அமைதி. இடி இடித்ததும் டிவி ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. கரண்டும் போயாயிற்று. சமையல்கட்டிலிருந்து யாராவது கூப்பிட்டாலும் கேட்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லலாம். ஓட்டு வீட்டில் இந்த வசதி குறைவு.

கால்நடைகளின் நிலைப்பாடு ஒரே மாதிரி இல்லை. வெள்ளாடுகளுக்கு மழை ஆகாது. ரெண்டு துளி விழுந்ததும் வெள்வேல மரத்தடியை விட்டுப் பட்டிக்கு ஓடிவந்து, ஏதோ நாம் செய்த சதி என்பதுபோல் கத்தும். எருமை அப்படியே நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு. இந்தத் துறையில் எருமையை மிஞ்சிய நிபுணர் இல்லை.

அம்மாவைத் தகவலாளியாகச் சேர்க்க முயன்றோம். அவர் நேரமில்லை என்றார். விறகை உள்ளே இழுத்துப் போட்டு, ஒழுகுகிற இடத்தில் குண்டாவை வைத்து, கடைக்கு யாரும் போகமாட்டார்கள் என்று தெரிந்து அரிசிம்பருப்பு சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார். எனவே மேற்படி லீவுக் கருதுகோள் திண்ணையிலிருந்து சமையல்கட்டு நிலைப்படி வரை மட்டுமே செல்லுபடியாகும். இதைப் பிழை என்று கருதாமல் ஆய்வின் வரம்பு என்று குறிப்பிடுவது மரபு.

தீராத சிக்கல் ஒன்று: மழை எப்போது முடிகிறது? துளி விழுவது நின்றதும் என்பது பாமரர் கருத்து. "எறவாணம் சொட்டற வரைக்கும் மழெதான்" என்பது அப்பாருவின் கோட்பாடு. ஆதாரமாகப் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "மழெ நின்னு எத்தன நேரமாச்சு, எந்திரிச்சு மாட்டுக்குத் தட்டெடுத்துப் போடு சாமி" என்பது அம்மாவின் மறுப்பு. இம்முறை மழைச் சத்தம் இல்லாததால் அது காதில் விழுந்துவிட்டது. இரு தரப்பையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே எருமை கண்ணைத் திறந்து, கறவை நேரத்துக்குக் கத்தி, அம்மா பக்கம் சேர்ந்துகொண்டது.