அளவெடுக்கும் அறைக்கும் ஒரு கமரா வையுங்கள், ஐயா

அனுப்புநர்:
சாய்வுக் கதிரையிலிருந்து ஸ்கி ஜம்பிங் பார்க்கும் நோர்வேத் தமிழன் ஒருவன்,
ஒஸ்லோ.

பெறுநர்:
மேன்மைதங்கிய அதிகாரிகள்,
சர்வதேச ஸ்கி, ஸ்னோபோர்ட் சம்மேளனம்,
சுவிற்சர்லாந்து.

பொருள்: போட்டியில் வென்றது யார் என்பதைப் பார்வையாளருக்கும் தெரியப்படுத்தக் கோருதல்.

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

நலம். தங்கள் நலமும் தங்கள் அளவுநாடாவின் நலமும் அறிய ஆவல்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. வேலிக்கு மேலால்கூடப் பாய்ந்து பழகாத பரம்பரை எங்களுடையது. ஆனாலும் இந்த நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் எவரும் ஸ்கி ஜம்பிங்கிலிருந்து தப்ப முடியாது. ஒஸ்லோவில் தலையைச் சற்று நிமிர்த்தினால் ஹோல்மன்கொல்லன் தாவுமேடை கண்ணில் படும். புத்தாண்டன்று காலையில் முருகன் கோயில், மத்தியானம் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹனிலிருந்து நேரலை என்பதுதான் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம். அர்ச்சனைப் பிரசாதம் மேசையில் இருக்க, யார் எத்தனை மீற்றர் பறந்தான் என்று மாமா, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம்.

ஆட்டம் என்னவோ பாலகனுக்கும் விளங்கக்கூடியது. சரிவில் வழுக்கி வந்து, மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் மேடை விளிம்பிலிருந்து எம்பி, காற்றின்மேல் படுத்து, எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் இறங்கவேண்டும். அதிக தூரம் போனவன் வென்றான். இவ்வளவு எளிமை தங்களுக்குப் பொறுக்குமா?

ஆகவே ஒவ்வொரு மேடைக்கும் கே-புள்ளி என்று ஒரு தூரம் குறித்தீர்கள். பெரிய மேடையில் அதைத் தொட்டால் 60 புள்ளி; அதற்கு மேலே ஒவ்வொரு மீற்றருக்கும் 1.8. அதன்பின் நடுவர் ஐவர், ஆளுக்கு 20 வரை. அதில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் கழித்து மற்ற மூன்றையும் கூட்டவேண்டும். அதுவும் போதாதென்று 2009க்குப் பிறகு காற்றுக்கும் கணக்கு எழுதத் தொடங்கினீர்கள். எதிர்காற்று வாங்கியவனுக்கு அபராதம். முதுகுப்பக்கம் காற்று அடித்தவனுக்கு நட்டஈடு. எதிர்காற்று தாவுபவனைத் தூக்கிவிடும், பின்காற்று அமுக்கிவிடும் என்பது பௌதிகம். வாழ்நாள் முழுவதும் எதிர்காற்றில் நடந்த எங்கள் மாமாவுக்கு மட்டும் அது இன்றுவரை ஏறவில்லை. எதிர்காற்றுக்கு அபராதம் கட்டுவதென்றால் தான் இந்த நாட்டுக்கு எவ்வளவு கடன் என்று ஒவ்வொரு புத்தாண்டும் கேட்கிறார்.

முதலிடத்துக்குத் தாண்டவேண்டிய தூரம் இது என்று திரையில் ஒரு பச்சைக் கோடு வருகிறது. அதைத் தாண்டியவன் மூன்றாமிடத்தில் நிற்கிறான். அதற்கு முன்னே இறங்கியவன் கைகளை உயர்த்திக் குதிக்கிறான். நீதி கருதியே இவ்வளவும் செய்தீர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீதி வந்த அன்றிலிருந்து எங்கள் கண்ணுக்கு வேலை போய்விட்டது. நாங்கள் இப்போது தாவலைப் பார்ப்பதில்லை, கூட்டல் கழித்தலைப் பார்க்கிறோம்.

எங்கள் கண்ணுக்குத் தெரிவது தங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1980களில் சுவீடனின் யான் பொக்லெவ் இரண்டு ஸ்கிகளையும் முன்பக்கம் விரித்து ஆங்கில 'வி' எழுத்துப்போலப் பறந்தார். அவர் அதிக தூரம் போவதைப் பார்வையாளர் கண்டார்கள். ஸ்கிகள் இணையாக இல்லை என்பதை நடுவர்கள் கண்டார்கள். புள்ளியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர் தூரத்தாலேயே அதை ஈடுகட்டி 1988-89 உலகக் கிண்ணத்தை எடுத்துவிட்டார். இன்று அப்படி விரிக்காமல் பறந்து வெல்பவர் எவருமில்லை.

பெண்கள் விடயத்தில் தங்கள் பார்வை இன்னும் ஆழமாகப் பாய்ந்தது. நோர்வேயின் திரிசிலில் இங்கிரிட் ஓல்ஸ்டாட்டர் வெஸ்ட்பி என்ற பெண் 1862இலேயே தாவியிருக்கிறார். 2005இல் தங்கள் அன்றைய தலைவர் ஜான் பிராங்கோ காஸ்பர், மருத்துவ நோக்கில் இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதுபோலும் என்ற ஆலோசனையை இலவசமாக வழங்கினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. அந்தக் கதவை அடைத்தது ஒலிம்பிக் குழு என்பது உண்மை. ஆனால் வைத்தியச் சான்றிதழ் முன்கூட்டியே தங்கள் வீட்டிலிருந்து போயிருந்தது. அந்த ஒலிம்பிக் தொடங்குமுன், அதற்கெனக் கட்டிய சிறிய மேடையின் சாதனைத் தூரம் ஆண் பெண் இருபாலாரிலும் லிண்ட்சே வான் என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயரில் இருந்தது. அவரும் மற்றப் பெண்களும் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். கடைசியில் 2014இல் சோச்சியில் பெண்கள் தாவினார்கள். மருத்துவ உலகம் தப்பிப் பிழைத்தது.

2024 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஜப்பானின் ரியோயு கொபயாஷி 291 மீற்றர் பறந்து இறங்கினார். அது தங்கள் விதிப்படி நடந்த போட்டியல்ல, ஆகவே சாதனையுமல்ல என்றீர்கள். சரி, சட்டம் சட்டந்தான். 2025 மார்ச்சில் பிளானித்சா மேடையில் டோமன் பிரவ்ட்ஸ் என்ற வீரர் பறந்த 254.5 மீற்றர்தான் ஏட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இரண்டில் எது பெரிய எண் என்று கேட்டுத் தொந்தரவு செய்கிறார்கள்.

இனி இந்தக் கடிதத்தின் உள்ளுடைக்கு வருகிறேன். உடை என்பதைத் தாங்கள் எழுத்துப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தில் சட்டையே சிறகு. உடலோடு ஒட்டாமல் துணி சற்று மிஞ்சினாலும், குறிப்பாகத் தொடைகள் பிரியுமிடத்தில் மிஞ்சினாலும், காற்றுத் தாங்கும் பரப்பு கூடும், தூரமும் கூடும். ஆகவே தாங்கள் அளக்கிறீர்கள். 2022 பெப்ரவரி 7, பெய்ஜிங். ஆண்களும் பெண்களும் சேர்ந்து தாவும் குழுப்போட்டி ஒலிம்பிக்கில் முதல்முறையாக நடந்தது. ஜப்பானின் சாரா தகானாஷி 103 மீற்றர் தாவினார். நாங்கள் கைதட்டினோம். பிறகு அவர் அளவெடுக்கும் அறைக்குள் போனார். தொடைப்பக்கத் துணி 2 சென்டிமீற்றர் கூடிவிட்டது என்ற தீர்ப்போடு வெளியே வந்தார். அன்று ஜப்பான், ஆஸ்திரியா, ஜெர்மனி, நோர்வே ஆகிய நாலு நாட்டுப் பெண்கள் ஐந்து பேர் உடையால் நீக்கப்பட்டார்கள். அதில் இருவர் எங்கள் நோர்வேக்காரர். இதே உடையோடுதானே இரண்டு நாளுக்குமுன் தாவினோம் என்று சிலர் அழுதார்கள். மலையில் அத்தனை கமரா நின்று எதைப் படம் பிடித்தன? போட்டி நடந்த அறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

அப்போதே தங்களுக்கு எழுத நினைத்தேன். நல்லவேளை, பொறுத்தேன். ஏனென்றால் அடுத்த அத்தியாயத்தை எங்கள் ஆட்களே எழுதினார்கள்.

2025 மார்ச், துரொண்ட்ஹெய்ம். உலக வல்லவர் போட்டி, சொந்த மண், சொந்தச் சனம். தாங்கள் பரிசோதித்து, மாற்றமுடியாதபடி மைக்ரோசிப் பதித்து அனுமதித்த உடைகளில், போட்டிக்கு முதல்நாள் நோர்வே அணியின் பணியாளர்கள் விறைப்பான நூலை வைத்துத் தைத்தார்கள். பெரிய மேடையில் மாரியஸ் லிண்ட்விக் இரண்டாமிடம் வந்தார். ஊர் ஆர்ப்பரித்தது. பிறகு அவரும் யோஹான் ஆந்த்ரே ஃபோர்ஃபாங்கும் நீக்கப்பட்டார்கள்.

இதைத் தங்கள் சிப் கண்டுபிடிக்கவில்லை. அளவுநாடாவும் கண்டுபிடிக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் திரைச்சீலை மறைவிலிருந்து தையல் வேலையைக் கமராவில் பிடித்துவிட்டான். அதன்பிறகும் வெளியிலிருந்து பார்த்து நூலைக் காணமுடியவில்லை. தையலைப் பிரித்துத்தான் காணவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்த என் மாமி செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, வெளியால அளந்து என்ன பிரயோசனம்? கள்ளம் எல்லாம் உள்தையலுக்கைதான் இருக்கும். பிரிச்செல்லோ பாக்கவேணும்!" மாமி ஸ்கி ஜம்பிங்கின் விதி ஒன்றையும் அறியார். காற்றுக்கணக்கு வந்தால் தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவார்.

அதன்பின் தாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மிச்சப் பருவத்துக்கு ஆளுக்கு ஒரே உடை என்றீர்கள். பிறகு மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்றீர்கள். தாவிய இருவருக்கும் தையலைப் பற்றித் தெரியாது என்று சொல்லி 3 மாதத் தடை வந்தது. அந்தத் தடை அடுத்த உலகக் கிண்ணப் பருவம் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. பனி இல்லாத காலத்தில் பனிச்சறுக்கத் தடை! எங்கள் ஊரில் பள்ளிக்கூட விடுமுறை நாளில் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த வாத்தியார் ஒருவரும் இருந்ததில்லை.

ஆகவே தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கும் கோரிக்கைகள்:

1. தாவுமேடையிலுள்ள கமராக்களில் ஒன்றையாவது கழற்றி அளவெடுக்கும் அறையில் மாட்டவும். வீரர் இறங்கும் கணத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டுவதுபோல, இடுப்பளவு எடுக்கும் கணத்தையும் மெதுவாகத் திருப்பிக் காட்டவும். மானம் மரியாதைக்கு ஒரு திரை போட்டுக்கொள்ளலாம். அளவுநாடாவின் எண் மட்டும் எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

2. நேரலை வர்ணனைக்கு ஒரு பழைய வீரரோடு ஒரு தையற்காரரையும் அமர்த்தவும். என் மாமி தயார். சம்பளம் வேண்டாமாம், பிரித்த உடைகளைத் திரும்பத் தைக்கும் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்வாராம்.

3. துரொண்ட்ஹெய்மில் திரைமறைவிலிருந்து படம்பிடித்த அந்தப் பெயர் தெரியாத ஆளைத் தேடிப் பிடித்துத் தங்கள் ஒளிபரப்பு இயக்குநராக நியமிக்கவும். அந்த வாரம் முழுவதும் போட்டி உண்மையில் எங்கே நடக்கிறது என்று அறிந்து கமராவைச் சரியான பக்கம் திருப்பிய ஒரே ஆள் அவர்தான்.

இவை நிறைவேறும்வரை நான் இந்த ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன் என்று மிரட்ட ஆசைதான். ஆனால் வருகிற புத்தாண்டுக்கு வீட்டில் இருபது பேருக்குச் சாப்பாடு ஒழுங்குசெய்தாயிற்று. அத்தனை பேரும் பச்சைக் கோட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவோம். யார் வென்றது என்பதைத் தாங்கள் அளந்து முடித்ததும் அறியத்தந்தால் போதும். அதுவரை பாயசத்தைச் சூடாக வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கண்ணால் பார்த்ததை இன்னும் நம்பும் பார்வையாளன்.

இணைப்பு: தையல் பிரிக்கும் ஊசி ஒன்று. மாமியின் அன்பளிப்பு.