மாப்பிள்ளை, பக்கத்து சீட்டுக்கும் சட்டம் இருக்கு

மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீக. பேத்திக்கு 15 வயசாச்சு, கார் பழகப் போறா. டெக்சாஸ்ல பெத்தவுகளே வாத்தியாரா உக்காந்து ஓட்டச் சொல்லிக் குடுக்கலாமாம். பயிற்சிப் பள்ளிக்குக் கட்டுற காசு மிச்சம்னு தெரிஞ்ச அன்னைக்கு உங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம் பாத்தேன். நல்லதுதான். ஆனா சர்க்காரு ஒரு காசை மிச்சம் பண்ணிக் குடுத்தா, அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஏதாவது எழுதி வச்சிருக்குமே, அதை வாசிச்சீகளா?

நான் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பழகுற பிள்ளைக்குப் பக்கத்து சீட்டுல 21 வயசு ஆன ஆளு இருக்கணும். லைசென்ஸ் வேணும், ஒரு வருசமாவது ஓட்டியிருக்கணும். இதுல நீங்க பாஸ். அடுத்ததுதான் இடிக்குது. அப்படி உக்காந்த ஆளு தூங்கினாக் குத்தம். குடிச்சிருந்தாக் குத்தம். பிள்ளை ஓட்டுறதைக் கவனிச்சு ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி வேற சோலியில இருந்தாலும் குத்தம். நீங்க காதுல ரெண்டு குச்சியைச் சொருகிக்கிட்டு போன்ல பெங்களூர்க்காரனோட மல்லுக்கட்டுறீகளே, அது எந்தச் சோலியில சேரும்னு எனக்கு விளங்கலை. இங்கத்த ஃபிரிஸ்கோ போலீஸ்காரருக்கு விளங்கும்.

எங்க காலத்துல வண்டிக்கு மாடு பழக்கணும்னா, புதுக் காளையைப் பழகின காளையோட சேத்து நுகத்துல பூட்டுவோம். பழசு போற போக்குலயே புதுசும் போகும். பழசு நடுரோட்டுல படுக்கிற சாதின்னா அதையும் விடாமக் கத்துக்கும். உங்க கார்ல பழகின காளை எதுங்கிறதுலதான் எனக்குச் சந்தேகம்.

எல்டோராடோ ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவுல நீங்க ஸ்டாப் பலகைக்கு நிக்கிற அழகைப் பின் சீட்டுல இருந்து பாத்திருக்கேன். பலகைக்கு ஒரு தலையாட்டு, பிரேக்குல லேசா ஒரு மிதி, சக்கரம் மட்டும் உருண்டுக்கிட்டே இருக்கு. சக்கரம் சுத்துறது நின்னாத்தான் மாப்பிள்ளை நின்னதாக் கணக்கு. சிவப்பு விளக்குல வலது பக்கம் திரும்பலாம்ங்கிறதும் முழுசா நின்னு, நடக்கிறவுகளுக்கு வழிவிட்டுட்டுத்தான். நாலு பக்கமும் ஸ்டாப் இருக்கிற முக்குல யாரு முதல்ல வந்து நின்னாகளோ அவுக முதல்ல. ஒரே நேரத்துல வந்துட்டா வலது கைப் பக்கத்து ஆளுக்கு வழி. ‘நீங்க போங்க, இல்ல நீங்க போங்க’ங்கிற உபசாரம் கல்யாணப் பந்தியோட நிக்கட்டும்.

பார்க்கிங் சட்டத்தைப் பேத்தி அடிக்கணக்குல ஒப்பிச்சா. எனக்கு முழக்கணக்குதான் ஏறும். தெருவோரம் நிறுத்தினா வலது பக்கச் சக்கரம் கரையில இருந்து 18 அங்குலத்துக்குள்ள இருக்கணும். சரியா ஒரு முழம். பூக்காரி கை போதும், டேப்பு வேண்டாம். தீயணைப்புக் குழாய்க்கு 15 அடி தள்ளி, அதாவது பத்து முழம். ஸ்டாப் பலகைக்கும் சிக்னலுக்கும் முன்னால 30 அடி, இருபது முழம். ஏன் அம்புட்டுத் தூரம்? உங்க யானைக்குட்டி வண்டி பலகையை மறைச்சு நின்னா, பின்னால வாரவனுக்குப் பலகை எங்க தெரியும்? முக்குல நடக்கிறவுக கடக்கிற கோட்டுக்கு 20 அடி. பதிமூணு முழமும் கொசுறும். அடுத்தவன் டிரைவ்வேக்கு முன்னால முழமே கிடையாது, நிறுத்தவே கூடாது. வண்டி மூஞ்சி அந்தப் பக்கம் போற போக்குவரத்தோட திசையிலயே இருக்கணும். கொலுவுக்குக் கூப்பிட்ட வீட்டு வாசல்ல நம்மாளுக நிறுத்துற லட்சணத்தை இதோட ஒத்துப் பாருங்க. சுண்டல் தொண்டையில இறங்காது.

சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்துல, ‘மாமாவுக்கு மூட்டு வலி, அஞ்சு நிமிசந்தான்’னு ஒருநா நிறுத்தப் பாத்தீக. என் மூட்டு வலி நெசந்தான், ஆனா அது மாற்றுத்திறனாளி அட்டை ஆகாது. அட்டை இல்லாம நிறுத்தினா மொத தடவையே அபராதம் 500 டாலருக்குக் குறையாதாம். அதைக் கேட்டதும் மூட்டு தானாத் தேறிருச்சு.

நம்மூரு ஆர்.டி.ஓ. மைதானத்துல எட்டுப் போட்ட பெருமை உங்களுக்கு இருக்கு. இங்க பரீட்சையில ரெண்டு அடையாளத்துக்கு நடுவுல பின்னாடியே வந்து ஓரங்கட்டணும். 2018 மே மாசத்துல இருந்து அமெரிக்காவுல விக்கிற புதுக் கார் எல்லாத்துலயும் பின்பக்க கேமரா கட்டாயம். அதுக்காகக் கழுத்தைக் கழட்டி வைக்கச் சொல்லலை. திரும்பிப் பாக்கப் பழக்குங்க. லேன் மாறும்போதும் கண்ணாடியை மட்டும் நம்பாம தோளுக்கு மேல ஒரு பார்வை வேணும். முதல்ல ஆளில்லாத பார்க்கிங் லாட்டுல சுத்துங்க, சனிக்கிழமை காஸ்ட்கோ வாசல் வேண்டாம். டாலஸ் நார்த் டோல்வே எங்கயும் ஓடிப் போகாது, மெதுவா ஏத்துங்க.

மஞ்சப் பள்ளிக்கூட பஸ் சிவப்பு விளக்கை மினுக்கி நின்னா ரெண்டு பக்கமும் நிக்கணும். நடுவுல மேடு கட்டிப் பிரிச்ச ரோடுன்னாதான் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. இடது பக்கம் திரும்புற லேன் மட்டும் நடுவுல இருந்தா அது மேடு ஆகாது. மொத தப்புக்கே 500-லிருந்து 1,250 டாலர். பயிற்சிப் பள்ளியில மிச்சம் பிடிச்சது எந்த வழியாப் போகும்னு கணக்குப் போட்டுக்கோங்க.

நீயும் கேளு ஆத்தா. 18 வயசு ஆகுற வரைக்கும் வண்டி ஓட்டயில போன் கூடாது, கையில தொடாமப் பேசுறதுகூடக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விலக்கு. பழகுற லைசென்ஸை ஆறு மாசமாவது வச்சிருந்து, 16 வயசுல அடுத்தது வாங்கினாலும், ராத்திரி 12-லிருந்து காலை 5 வரைக்கும் வண்டி எடுக்க முடியாது. வேலை, பள்ளிக்கூட நிகழ்ச்சி, அவசரம்னா வேற. 21 வயசுக்குக் கீழ சிநேகிதக்காரிக ஒருத்திக்கு மேல ஏத்தவும் முடியாது. சட்டத்தைத் திட்டு, தாத்தாவைத் திட்டாத.

மாப்பிள்ளை, உங்ககூட அவ ஓட்டிப் பழகவேண்டியது மட்டும் 30 மணி நேரம். அதுல 10 மணி நேரம் ராத்திரியில. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் அம்புட்டு நேரம் சேந்து உக்காந்து நான் பாத்ததில்லை. ராத்திரிக் கணக்கு அப்படியே பாக்கி கிடக்கு. நாளைக்கு இருட்டினதும் கிளம்புங்க. போகும்போது உங்க போனை அத்தைகிட்டக் குடுத்துட்டுப் போங்க. பெங்களூர்க்காரன் கூப்பிட்டா அவ பேசிக்குவா.