நாலு பேரில் மூன்றாவது

சென்னைவாசிகளுக்குச் சோழவரம் என்பது ஓர் ஏரி. கோடை வந்தால் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று செய்தித்தாள்கள் நீர்மட்டக் கணக்குப் போடும்போது நடுவில் வந்துபோகும் பெயர். எத்தனை மில்லியன் கன அடி மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, லாரித் தண்ணீருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னால் பெட்ரோல் மணக்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. பனைமரங்களுக்கு நடுவே கான்கிரீட் மட்டும் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. நேராக, அகலமாக, மாடு குறுக்கே வராத நேரங்களில் காலியாகவும் ஒரு பாதை கிடந்தால் மோட்டார் பைத்தியங்கள் சும்மா இருப்பார்களா? சோழவரம் பந்தயம் பிறந்தது. பிப்ரவரி வந்தால் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வண்டிகள் வந்து இறங்கும். கோண்டல் மகாராஜா வந்தார். விஜய் மல்லையா வந்தார். அப்போது அவரைத் துரத்தியவர்கள் சக ஓட்டுநர்கள் மட்டும்தான். கோயம்புத்தூரிலிருந்து கரிவரதன் வந்தார். பெரம்பூரிலிருந்து எங்கள் அப்பா போனார்.

அப்பா ஒரு வங்கியில் காசாளர். அந்தக் கிளையிலேயே மெதுவான கை அவருடையது. ஒவ்வொரு கட்டையும் இரண்டு தரம் எண்ணுவார். அவசரக்காரர்கள் அவர் கவுன்ட்டரைப் பார்த்ததுமே பக்கத்து வரிசைக்குத் தாவிவிடுவார்கள். சாலையிலும் அப்படித்தான். நாற்பதைத் தாண்ட மாட்டார். மூலக்கடை முனையில் மாட்டுவண்டிக்கு வழிவிட்டு நிற்பார். பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே வையும்போது, திரும்பிப் பார்க்காமல் எங்களிடம் சொல்வார்: “வேகமாப் போறதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. அதுக்குன்னு ஒரு நாளும் இருக்கு.”

அந்த நாளுக்கான ஏற்பாடு பொங்கலோடு தொடங்கிவிடும். கார் என்று நான் சொல்வது, வங்கிக் கடனில் வாங்கிய, ஏற்கெனவே இரண்டு கை மாறிய ஃபியட் 1100. புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. போகியன்று தெருவில் எல்லோரும் பழைய பாயை எரிப்பார்கள். எங்கள் வாசலில் கார் எடை குறையும். முதலில் பின்சீட். பிறகு பம்பர்கள், வீல் கப்புகள், ஸ்டெப்னி, ஜாக்கி. கடைசியாக, சிகரெட்டே பிடிக்காத அப்பா, ஆஷ் ட்ரேயையும் கழற்றி எடுத்து உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பார். பின்சீட் கூடத்துக்கு வந்து சுவரோரம் உட்காரும். வருஷத்தில் அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சோபா உண்டு.

அடுத்தது என்ஜின். 1089 சிசி, சுமார் நாற்பது குதிரை. அதில் ஓரிரண்டு குதிரையாவது கூட்ட வேண்டும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போவார். ஹெட்டின் அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவினால், பெட்ரோலும் காற்றும் கலந்து அமுங்கும் இடம் சிறுக்கும், அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் இழுவை கூடும். இழுவை கூடினால் சூடும் கூடும் என்பது சித்தாந்தத்தின் பிற்பகுதி. அதை அப்பா ஒவ்வொரு வருஷமும் பந்தயத்தின் பாதியில்தான் நினைவுக்குக் கொண்டுவருவார். ராத்திரியில் ரேடியோ கேட்டுக்கொண்டே குச்சியில் எமரித் தாளைச் சுற்றி, காற்று போகும் துவாரங்களை உள்ளே தேய்த்து வழவழப்பாக்குவார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விலை கேட்பார், புதுப்பேட்டையில் வாங்குவார். அங்கே வாங்கிய கார்புரேட்டர் எந்த வண்டியின் பூர்வஜென்மம் என்று யாருக்கும் தெரியாது.

கதவில் எண் எழுதுவது அம்மாவின் வேலை. பெயின்டருக்குக் கொடுக்கக் காசில்லை என்பது ஒரு காரணம். புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு வளைவுகள் பிசகாது என்பது அப்பா சொன்ன காரணம். ஹெட்லைட் கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்க அதன்மேல் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுவது என் பொறுப்பு. பானெட் திறந்துகொள்ளாமல் இருக்கத் தோல்வார் போட்டுக் கட்ட வேண்டும். அது அப்பா ஆபீசுக்குப் போட்டுப்போகும் பெல்ட். பந்தயத்தன்று இரண்டு விஷயங்கள் கழன்று விழாமல் அம்மா வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்புவோம். பின்சீட் இல்லாத இடத்தில் பாய் விரித்து நானும் தம்பியும், எங்களுக்கு நடுவே புளியோதரைத் தூக்கும் மோர்க்கூஜாவும். சீட் பெல்ட் யாருக்கும் கிடையாது. இன்றைக்கு ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை இப்படி ஏற்றிக்கொண்டு மாதவரம் தாண்டினால், யாராவது படம் பிடித்துப் போட்டு, சாயங்காலத்துக்குள் விவாத மேடையே நடந்து முடிந்திருக்கும். நாங்கள் அதைச் சொகுசு என்று நினைத்தோம். படுத்துக்கொண்டே போகலாமே!

செங்குன்றம் தாண்டும்போதே காதில் இரைச்சல் கேட்கும். இறங்கியதும் மூக்கில் ஏறுவது விளக்கெண்ணெய். பந்தய மோட்டார் சைக்கிள்களில் விளக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். சூட்டில் மற்ற எண்ணெய்கள் கைவிடும் இடத்திலும் அது வழுக்கலைக் காப்பாற்றும். வீட்டில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றும் அதே சரக்கு, அங்கே புகையாக வந்தால் எங்களுக்கு அத்தர். பார்வையாளர்களையும் பாதையையும் பிரித்தது ஒரு கயிறு. வைக்கோல் கட்டுகளும் பழைய டயர்களும் திருப்பங்களில் மட்டும் இருக்கும். நெருங்கி நின்றால் காற்று சட்டையை இழுக்கும். எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தோம் தெரியுமா என்று இன்றைக்குப் பெருமையடிக்கிறோம். எவ்வளவு பக்கத்தில் நின்றும் பிழைத்தோம் என்பதுதான் சரியான வாக்கியம்.

அம்மாதான் நேரக் கண்காணிப்பாளர். கையில் அப்பாவின் எச்எம்டி கடிகாரம், மடியில் பால்கணக்கு நோட்டு. நோட்டின் முன்பக்கம் அரை லிட்டர், ஒரு லிட்டர். திருப்பிப் பிடித்தால் சுற்றுக்கு எத்தனை நிமிஷம், எத்தனை வினாடி. அப்பா எதிர்பார்த்ததைவிட நேரம் கூடியிருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. லேத் பட்டறைக்காரர் அதிகமாகச் சீவிவிட்டார். பெட்ரோலில் கலப்படம். இரண்டும் எடுபடாவிட்டால், “நீ கடியாரத்த லேட்டாப் பாத்திருப்ப.” அம்மா பதில் சொல்லாமல் அவர் தட்டில் புளியோதரை வைப்பாள், கொஞ்சம் குறைவாக.

ஓடுதளம் என்பதால் நேர்ப்பாதைக்குக் குறைவில்லை; திருப்பங்கள்தான் வலிய உண்டாக்கப்பட்டவை. நேரில் ஃபியட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். திருப்பம் வந்தால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முதல் சுற்றில் பிடிக்கும். சூடேறச் சூடேற மிதி ஆழமாகும், பலன் குறையும். இடது கை ஸ்டீயரிங் பக்கத்துக் கியரைத் தள்ள, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, டயர் கத்த, அம்மா எழுதிய எண் தரையைப் பார்த்துக் குனியும். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுகள் திருப்பத்தில் சட்டென்று உள்ளே நுழைந்து முந்தும். அப்பா நேரில் மீட்பார். மறுபடியும் திருப்பத்தில் விடுவார். வட்டிக்கு வாங்கி அசலைக் கட்டும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பொருளாதாரம் புதிதல்ல.

ஒரு வருஷம் அவர் மூன்றாவதாக வந்தார். கிளம்பியவர்கள் பலர். ஒருவருக்கு ரேடியேட்டர் கொதித்தது, ஒருவருக்கு கிளட்ச் எரிந்தது, ஒருவர் வைக்கோலுக்குள் புகுந்தார், மற்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று அவரவருக்கே தெரியவில்லை. முடித்தவர்கள் நான்கு பேர். நான்காவது ஆள் கடைசிச் சுற்றில் புகையோடு வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நாலு பேர்ல மூணாவது. நல்லவேளை, அந்த நாலாவது ஆளு வந்தான்” என்றார். அந்த வாக்கியம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எங்கள் குடும்பத்தின் எல்லா விசேஷங்களுக்கும் வந்து பந்தியில் உட்கார்ந்தது. அம்மா அந்தக் கோப்பையில் ஏலக்காய் போட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை அதே காரில்தான் பள்ளிக்கூடம். சைலன்சரைத் திரும்ப மாட்டக் கூலி வேண்டும். சம்பளம் வர நாள் இருக்கும். ஆக, நாற்பதில் போகும் வண்டி, நூற்று நாற்பதின் சத்தத்தோடு பள்ளி வாசலில் நுழையும். கதவில் எண். பிள்ளைகள் பிரார்த்தனையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். இடத்துக்கும் நாளுக்கும் வெளியே அப்பா வேகம் காட்டியது காதுக்கு மட்டும்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, சோப்பு டப்பா என்று அப்பா சிரித்தார். பிறகு சோழவரத்தில் ஒரு சோப்பு டப்பா அவரை நேர்ப்பாதையிலேயே தாண்டிப் போனது. திருப்பத்தில் தாண்டியிருந்தால் பொறுத்திருப்பார். அந்த மாருதி என்ஜினை வைத்தே கரிவரதன் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டார்; அடுத்த தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடமானது. 1990இல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. பந்தயத்துக்கென்றே போட்ட பாதை. ஹெல்மெட், பெல்ட், வண்டிக்குள் இரும்புக்கூண்டு என்று சட்டங்கள் கெட்டியாகின. எல்லாம் நியாயமான சட்டங்கள். அந்தச் சட்டங்களைப் படித்துப் பார்த்த அப்பா, “இதெல்லாம் இருந்தா உசுருக்கு ஆபத்தில்ல” என்று ஒப்புக்கொண்டார். விலையை விசாரித்துவிட்டு வந்து, ஆஷ் ட்ரேயை எடுத்து காரில் மாட்டினார். பின்சீட் நிரந்தரமாக வண்டிக்குத் திரும்பியது. எங்களுக்கு சோபா போயிற்று.

2005 ஜூனில் இண்டியானாபோலிஸில் ஒரு விசித்திரம் நடந்தது. மிஷ்லின் டயர் போட்ட பதினான்கு கார்கள், பாதுகாப்பில்லை என்று பந்தயம் தொடங்குமுன் உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு கார். அதில் நம் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி வாங்கிய முதல் இந்தியர். அப்பா அன்றைக்கே மாமாவுக்கு போன் போட்டார். “ஆறுல நாலு, மச்சான். பேப்பர்ல போட்டோவோட போடுவாங்க. பாதையில நின்னவனுக்குத்தான் கணக்கு, வீட்டுக்குப் போனவனுக்கு இல்ல.” பல வருஷத்து வட்டியோடு கடன் அன்று தீர்ந்தது.

அப்பாவின் ஃபியட் எல்லா வித்தைக்கும் பிறகு தொட்ட உச்சம் நூற்று இருபதின் பக்கம். அந்த வேகத்துக்கு அவர் ஒரு மாதச் சம்பளத்தையும் ஒரு ஹெட்டையும் பலிகொடுத்தார். அம்மா பெரம்பூர் மாதாவிடமும் தெருமுனைப் பிள்ளையாரிடமும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். போன மாதம் வாடகைக் காரில் அவரைப் பெங்களூர் நெடுஞ்சாலையில் அழைத்துப் போனேன். ஓட்டிய பையன் ஒரு கையால் ஸ்டீயரிங்கும் மறு கையால் போனுமாக அதே நூற்று இருபதில், ஏசி குளிரில், ஏதோ தகராறைப் பேசித் தீர்த்துக்கொண்டு போனான். அவன் முகத்தில் பரவசம் இல்லை, பயமும் இல்லை. அப்பா கூரைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, அறுபதுல போப்பா” என்றார். இன்றைக்கு வேகமாகப் போக எல்லா இடமும் உண்டு, எல்லா நாளும் உண்டு. வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போய் மகாராஜா பக்கத்தில் நிறுத்தத்தான் இடமில்லை.

என் மகனுக்குக் கூடத்தில் சிமுலேட்டர். சோபா இருந்த அதே சுவரோரம். மொனாக்கோவில் ஓட்டுகிறான், மோதினால் ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பவும் தொடங்குகிறான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “பிரேக் சூடாகுமா?” என்று கேட்டார். “செட்டிங்ல போட்டா ஆகும், தாத்தா.” சூடாகும்படி போடச் சொன்னார். அதற்குப் பிறகு பையன் திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் மோதினான். அப்பாவுக்கு அன்று நல்ல தூக்கம்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையின் நடுவிலேயே, தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்குத் தெருவை அடைத்து, மின்விளக்கு வெள்ளத்தில் ராத்திரிப் பந்தயம் நடத்தினார்கள். ஃபார்முலா 4 கார்கள் ஓடின. நாங்கள் டிவியில் பார்த்தோம். பஸ்ஸுக்கு அம்மா மணிக்கணக்கில் காத்திருந்த பக்கமெல்லாம் கார்கள் சீறிக்கொண்டு போயின. எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி சட்டகம், ஒரே என்ஜின், ஒரே டயர். ஓட்டுகிறவர் மட்டும்தான் வேறு என்று மகன் விளக்கினான். அப்பாவுக்கு இது பெரிய கவலையாகிவிட்டது.

“ஹெட்ட சீவ முடியாது. பெட்ரோலும் ஒண்ணுதான்னா, தோத்தா யார் மேல பழி போடுவாங்க?”

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அந்தப் பசங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும்.”