திண்ணையில் ஒரு விமர்சனம்

ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் வாங்கிய சங்கரா குழம்பில் கொதிக்கிற நேரத்தில், டிவி முன்னால் உட்கார்ந்து ‘டாப் டென்’ சினிமா விமர்சனம் பார்த்த வீடு உங்களுடையதாகவும் இருந்திருக்கும். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்ததும், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் கேபிள் இழுத்த வீட்டுத் திண்ணைக்கு, எண்ணூர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்கப் போகாமல், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்துவிடுவார்கள். மீன் அலசிய கையோடு பெண்கள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். எந்தப் படம் ஏறியது, எது இறங்கியது என்று டிவியில் சொல்லச் சொல்ல, திண்ணையில் மறுபேச்சு நடக்கும்.

“இவரு நம்ம அகஸ்தியா தியேட்டர்ல உக்காந்து பாத்தாரா, ஏசி ரூமுல பாத்தாரா? செகண்ட் ஆஃப்ல சனங்க அடிச்ச விசில் அவருக்கு எங்க கேட்டிருக்கும்!” என்று பக்கத்து வீட்டு அண்ணன் டிவியோடு சண்டைக்கு நிற்பார். நைனா ஒன்றும் பேசமாட்டார். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்ட பிறகுதான் மாலைக்காட்சிக்குப் போகிறோமா இல்லையா என்று சொல்வார். அதுவரை எங்களுக்குச் சோறு இறங்காது.

விமர்சனத்துக்கு நடுவே அரை நிமிடம் ஓடும் காட்சித் துண்டு இருக்கிறதே, அதற்காகவே காத்துக்கிடந்தோம். படத்துக்குப் போக முடியாத வாரங்களில் அந்தத் துண்டுதான் எங்களுக்குப் படம். அதற்கு முன்னும் பின்னும் கதையை நாங்களே கட்டிக்கொள்வோம். 1977-ல் ‘16 வயதினிலே’வுக்கு விகடன் 62½ மார்க் போட்டது பத்திரிகை படிக்கிறவர்களுக்கு மனப்பாடம்; அப்படியொரு தீர்ப்பு எழுத்துக்கூட்டத் தெரியாத எங்கள் ஆயாவிடமும் வந்து சேர்ந்தது டிவியால்தான். பிறகு விஜய் டிவியில் மதனும், ஜெயா டிவியில் ‘ஹாசினி பேசும் படம்’ என்று சுஹாசினியும் வந்தார்கள். நல்ல படத்தை ஏன் நல்ல படம் என்கிறோம் என்று உட்கார்ந்து பேச டிவியில் அன்றைக்கு இடம் இருந்தது.

அந்த இடத்தை யூடியூப்தான் பறித்துக்கொண்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008-ல் ‘காதலில் விழுந்தேன்’ படத்தோடு சன் டிவிக்காரர்களின் சன் பிக்சர்ஸ் வந்தது. ஒளிபரப்பு உரிமைக்குச் சேனல்கள் போட்டி போட்டுப் பணம் கொட்டின. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. காசு போட்டு வாங்கிய படத்தைக் குறை சொல்ல எந்தச் சேனலுக்கு மனம் வரும்? பண்டிகைக்குப் பண்டிகை நட்சத்திரங்களின் சிரிப்பும் கைதட்டலும் மட்டும் மிஞ்சின.

இன்று யூடியூப்காரர்கள் இடைவேளையிலேயே தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறார்கள். 2024 நவம்பரில் அவர்களை வளாகத்துக்குள் விடக்கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. 1967-லிருந்து ஓடிய தண்டையார்பேட்டை அகஸ்தியாவையோ 2020-லேயே மூடிவிட்டார்கள். மறுவருடம், எங்கள் வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன ‘சார்பட்டா பரம்பரை’ நேராக ஓடிடியில் வந்தது. தெருவே கூடி வாரக்கணக்கில் வாதாடியிருக்க வேண்டிய படம் அது. அவரவர் செல்போனில், காதில் ஹெட்போனோடு பார்த்து முடித்தோம்.

சேனல்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வாங்கிய படத்தைப் பற்றியும் மனதில் பட்டதைச் சொல்லக்கூடிய ஒருவருக்கு வாரம் அரை மணி நேரம் கொடுங்கள். மறுத்துப் பேச இங்கே இன்னும் ஆள் இருக்கிறது.