நாலடி நடந்து காட்டுங்கள்

ஹைதராபாத்தில் கணுக்கால் பிசகினால் வைத்தியரைத் தேடி அலைய வேண்டாம். கொஞ்சம் நொண்டினால் போதும், இரானி டீக்கடையிலிருந்து அபார்ட்மென்ட் லிஃப்ட் வரை எல்லோரும் வைத்தியர்கள். "புத்தூர் கட்டு போடுங்க" என்பார் ஒருவர். திருப்பதி பக்கத்துப் புத்தூர் பேர் வாங்கியதோ எலும்பு முறிவுக்கு. சுளுக்குக்கும் சுற்றிக்கொண்டால் பார்க்கிறவர்களுக்காவது மரியாதை வரும். ஊரிலிருந்து அத்தை போன் செய்து, கால் முன்னே வரப் பிறந்த ஆளைப் பிடித்து நீவிவிடச் சொல்வாள்.

படித்தவர்கள் ஐஸ் வைப்பார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தல் என்று 1978இல் சூத்திரம் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு சொல்லிவிட்டார். நம் ஃப்ரீசருக்குத் தகவல் வரவில்லை.

ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு. நாலடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே. இல்லாவிட்டால் பெரும்பாலும் தேவையில்லை. ஸ்கேன் பாக்கேஜ் விற்கிற ஊரில் இதை உரக்கச் சொல்லக்கூடாது.

அப்புறம் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி, குதிகால் தூக்கும் பயிற்சி, பல வாரம். இலவசம் என்பதால் யாரும் செய்வதில்லை.

இதே ஊர் பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்து 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இடது கணுக்கால் காயத்தோடு தங்கம் வென்றார். அவருக்கு வந்தது எலும்பில் அழுத்த முறிவு. உலகப் போட்டியை விட்டுவிட்டு, 2023 ஜனவரியில்தான் களம் திரும்பினார். நம்மவர் மூன்றாம் நாளே கச்சிபௌலி கோர்ட்டில் ஷட்டில் ஆடுகிறார், ஸ்லாட்டுக்குப் பணம் கட்டியாயிற்றாம்.