பதினேழாம் கேள்வி

போன சனிக்கிழமை சபையில் கொடுத்த படிவம் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. கிழித்துப் போடலாமென்றால், அதன் பின்பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மார்க்கைக் குறித்துத் தொலைத்திருக்கிறேன். 'திருமணத்துக்கு ஆயத்தமாகும் வாலிபர்களுக்கான தனிமனித வளர்ச்சிப் படிவம்' என்று தலைப்பு. நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். முப்பத்தொன்பது கேள்விகளை மன்னித்துவிட்டேன். பதினேழாம் கேள்வியை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. இந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் போயிருப்பீர்கள். அல்லது, அதைவிட மோசம், யாரையாவது அனுப்பியிருப்பீர்கள். என்னை அனுப்பியது பக்கத்துத் தெரு ஜெயா ஆன்ட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்; உண்மைப் பெயர் போட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குள் நுழைய முடியாது. "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். போய் உக்காந்துட்டு வா. எலுமிச்சை சாதம் குடுக்கறாங்க" என்றார். கே.ஜி.கண்டிகையில் சனிக்கிழமை மத்தியானம் எலுமிச்சை சாதத்துக்குப் போட்டியாக வேறு எதுவும் இல்லை. போனேன்.

நடத்த வந்த பிரதர் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தார். அவருக்கு இருபத்துநாலு வயதில் கல்யாணம் ஆகிவிட்டதாம். அதாவது, தனியாக வாழ்ந்த அனுபவம் அவருக்குக் கல்லூரி விடுதியோடு சரி. "நல்ல துணையைத் தேடாதீங்க, நல்ல துணையா மாறுங்க" என்பது முதல் ஸ்லைடு. இதை நான் இதற்குமுன் அரக்கோணத்திலும் கேட்டிருக்கிறேன், வேலூரிலும் கேட்டிருக்கிறேன், என் சொந்த அத்தை வாயாலும் கேட்டிருக்கிறேன். இத்தனை நாளாக மாறிக்கொண்டே இருக்கிறேன். தேடுவதற்குத்தான் ஆளைக் காணோம்.

கூட்டத்தில் பெண்கள் நிறைய. ஆண்கள் கடைசி பெஞ்சில் மூன்று பேர். அதில் ஒருவன் பைக் சாவியை அவன் அம்மா பிடுங்கி வைத்திருந்ததால் வந்தவன். கூட்டம் முடிந்ததும் சாவி கிடைக்கும் என்பது ஒப்பந்தம். பெண்களுக்கான ஸ்லைடுகள்: பொறுமை, சிக்கனம், சமையல், மாமியாரை நேசித்தல், உடை, நாவடக்கம், மறுபடியும் பொறுமை. ஆண்களுக்கான ஸ்லைடு ஒன்றுதான்: தலைமைத்துவம். அதைப் போட்ட நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மின்வாரியத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இதெல்லாம் டிசம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. டிசம்பர் 31 ராத்திரி எங்கள் பக்கம் விசேஷம். திருத்தணி மலையில் படித்திருவிழா. வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் குழுக்கள் ஏறுவார்கள். அதே நேரம் கீழே சபைகளில் நாங்கள் வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்துக்கொண்டிருப்போம். மேலே ஏறுகிறவர்களுக்கு உச்சி எங்கே என்று தெரியும். எனக்குப் பின்னால் நிற்கும் ஆன்ட்டிகளோ நான் எடுத்த அட்டையை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்யாண வசனம்தாம்மா" என்பார்கள். போர்க்களத்தில் சத்துருக்களை முறியடிப்பதைப் பற்றிய வசனம் வந்த வருஷமும் அப்படித்தான் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த வருஷம் மட்டும் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இரண்டு மொழியில் விசாரிக்கப்படுகிற தொல்லை வேறு. 1960-ல் எல்லையைத் திருத்தித் திருத்தணியை இந்தப் பக்கம் கொடுத்தபோது, எங்கள் சொந்தத்தில் பாதி நகரியிலும் புத்தூரிலும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. ஆகவே தமிழில் "எப்போம்மா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டு முடிப்பதற்குள் தெலுங்கில் "பெள்ளி எப்புடு?" வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்துச் சிரித்து என் கன்னம் அந்த நிலையிலேயே உறைந்துவிட்டது. அந்தக் காலத்துத் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணனுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். இருந்தும் எந்த மிஷனரியும் அவரிடம் வளர்ச்சிப் படிவத்தை நீட்டியதாகத் தெரியவில்லை. பதின்பருவத்திலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் வளர்ந்தார், குடியரசுத் தலைவர் வரைக்கும்.

சரி, பதினேழாம் கேள்வி. அதற்கு முன் ஒட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

பிரதர் அன்று எடுத்துக்கொண்ட உதாரணம் ரெபெக்காள். எல்லாரும் எடுக்கிற உதாரணம்தான். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி வேலைக்காரரை அனுப்புகிறார். அவர் பத்து ஒட்டகங்களோடு நாகோரின் ஊர்க் கிணற்றடிக்கு வந்து நிற்கிறார். ரெபெக்காள் குடத்தோடு வருகிறாள். "குடிக்கத் தண்ணி குடும்மா" என்கிறார். அவருக்கும் கொடுத்து, "உங்க ஒட்டகங்களுக்கும் மொண்டு ஊத்தறேன்" என்கிறாள். "பாருங்க சிஸ்டர்ஸ், சேவை மனப்பான்மை!" என்றார் பிரதர். பெண்கள் குறிப்பெடுத்தார்கள்.

நான் கணக்கு டீச்சர். எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. தாகம் எடுத்த ஒட்டகம் ஒரே நிற்றலில் நூறு லிட்டர் வரை குடிக்கக்கூடியது. கானானிலிருந்து மெசொப்பொத்தாமியா வரை நடந்து வந்த ஒட்டகத்துக்குத் தாகம் இல்லை என்று யாரும் வாதாட முடியாது. பத்து ஒட்டகம், ஆயிரம் லிட்டர். நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் அறுபத்தேழு நடை. கடைசி நடையில் குடம் நிறைய வேண்டியதில்லை. அந்தச் சலுகையைக் கொடுத்துவிடலாம். குழாயடி அல்ல, கிணறு. இறங்கி மொண்டு, ஏறி வந்து, தொட்டியில் ஊற்றி, திரும்ப ஓட வேண்டும். ஓடினாள் என்றே எழுதியிருக்கிறது. ஒரு நடைக்கு இரண்டு நிமிஷம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் இரண்டே கால் மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம்தான் குறையும். சாயங்காலம் ஆரம்பித்தவள் இருட்டியபிறகுதான் முடித்திருப்பாள்.

அத்தனை நேரம் அந்த வேலைக்காரர் என்ன செய்தார்? பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு வேறு ஆட்களும் வந்திருந்தார்கள். அவர்கள் கால் கழுவத் தண்ணீர் கொடுத்ததாகப் பின்னால் வருகிறது. ஒருவர்கூட "கொடு தாயி, நாலு நடை நாங்க மொள்றோம்" என்று சொன்னதாக இல்லை. எங்கள் ஊரில் லாரித் தண்ணீர் வருகிற நாளில் இப்படி நின்று வேடிக்கை பார்த்தால் குடத்தாலேயே அடி விழும்.

இத்தனையும் ரெபெக்காளின் ஆயத்தம். மாப்பிள்ளையின் ஆயத்தம் என்ன? அதுவும் எழுதியிருக்கிறது. ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம் பண்ண வயலுக்குப் போயிருந்தார். அவ்வளவுதான். நாற்பது வயது. அப்பா சொத்து. பெண் பார்க்கவும் தானே போகவில்லை. பெண் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து, ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர் குலுங்கி வந்து சேரும்போது இவர் வயலில் நடந்துகொண்டிருக்கிறார். சாயங்காலம் வயல் பக்கம் நடக்கப் போகிற ஆண்கள் எங்கள் ஊரிலும் ஏராளம். அத்தனை பேரும் தியானத்துக்குத்தான் போகிறார்கள் என்று சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இன்னும் முடியவில்லை. தண்ணீர் மொண்டு முடித்ததும் வேலைக்காரர் என்ன கொடுத்தார் என்பதை எந்த பிரதரும் ஸ்லைடில் போட்டு நான் பார்த்ததில்லை. அரைச் சேக்கல் எடையில் ஒரு காதணி. சிலர் மூக்குத்தி என்கிறார்கள். கைகளுக்குப் பத்துச் சேக்கல் எடையில் இரண்டு பொன் கடகங்கள். ஒரு சேக்கல் சுமார் பதினொன்றரை கிராம். கடகம் மட்டும் பதினாலு சவரனுக்கு மேல். பின்னால் வெள்ளி, பொன், துணிமணி தனி. அம்மாவுக்கும் அண்ணனுக்கும்கூடச் சீர். இவ்வளவையும் கொடுத்தது மாப்பிள்ளை வீடு! பெண் வீட்டில் ஒட்டகத்துக்கு வைக்கோல் போட்டதோடு சரி. கையைத் தூக்கி இதைக் கேட்டேன். "பிரதர், அந்தப் பதினாலு சவரன்?" "சிஸ்டர், நாம ஆவிக்குரிய அர்த்தத்தை மட்டும் பார்ப்போம்" என்றார். ஆயிரம் லிட்டரை மட்டும் அப்படியே அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கம் வந்தவுடன் ஆவிக்குரிய அர்த்தம்.

ரெபெக்காளை விட்டுத்தள்ளுங்கள், மற்றவர்கள் மட்டும் என்ன ஆயத்தப்பட்டார்கள்? ஆதாம் தூங்கினான். விலா எலும்பு எடுத்ததுகூடத் தெரியாமல் தூங்கினான். யாக்கோபு ஏழு வருஷம் ஆடு மேய்த்தான், பாவம். ஆனால் கல்யாண ராத்திரி பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் லேயாள். கவனம் என்ற தலைப்பில் அவனுக்குப் பத்துக்கு எத்தனை போடுவது? பவுலோ, கல்யாணமே வேண்டாம் என்னைப்போல இருங்கள் என்கிற கட்சி. அவரை எந்த வாலிபர் கூட்டத்துக்கும் சிறப்புப் பேச்சாளராகக் கூப்பிடமாட்டார்கள்.

இந்தப் புலம்பலை எங்கள் பள்ளித் தமிழம்மாவிடம் ஸ்டாஃப் ரூமில் கொட்டினேன். அவர் முருக பக்தை. "எங்காளும் சும்மா வரலை டீச்சர். வள்ளிக்காக வேடனா வந்தாரு, வேங்கை மரமா நின்னாரு, கிழவனா வந்தாரு, கடைசில அண்ணன் யானையைக் கூப்பிட்டாரு" என்றார். குறைந்தபட்சம் அங்கே மாப்பிள்ளையாவது சிரமப்பட்டிருக்கிறார்.

கத்தோலிக்கத் தோழிகளுக்கு இதில் எங்களைவிட ஒழுங்குமுறை உண்டு. வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்காமல் சாமியார் தேதி கொடுக்கமாட்டார். பிறகு ஓலை வாசிப்பு. அந்த அறிவிப்பு வழக்கம் 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் உலகத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது என்கிறார்கள். எண்ணூறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தைத் திருப்பிப் பெண்ணைப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் இந்த வகுப்புக்கு 'ப்ரீ-கானா' என்று பெயர். கானா ஊர்க் கல்யாணத்தின் நினைவாக. எந்தக் கல்யாணம்? பந்தி நடுவில் திராட்சரசம் தீர்ந்துபோன கல்யாணம். ஆயத்தம் பத்தாமல் சிரிப்பாய்ச் சிரித்திருக்க வேண்டிய வீட்டின் பெயரை ஆயத்த வகுப்புக்கு வைத்தவருக்கு என் பாராட்டு.

அரசாங்கத்துக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதன் அறுபதாம் பிரிவில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குக் கேட்பது: ஆணுக்கு இருபத்தொன்று, பெண்ணுக்குப் பதினெட்டு வயது, வேறு துணை உயிரோடு இருக்கக் கூடாது, சாட்சிகள் முன்னால் உறுதிமொழி. பொதுவாகக் கல்யாணம் காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஏழுக்குள் நடக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு. நாவடக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று வெள்ளைக்காரன்கூடக் கேட்கவில்லை.

ஒன்று சொல்லட்டுமா? அப்பாவின் இருதய ஆபரேஷனுக்குக் கடன் வாங்கி அடைத்திருக்கிறேன். தங்கையைப் படிக்கவைத்திருக்கிறேன். சோளிங்கர் பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே போய், அறுபது பிள்ளைகளுக்கு இயற்கணிதம் நடத்துகிறேன். பொறுமை என்றால் என்ன என்று அந்த பிரதர் ஒரு பீரியட் வந்து பார்க்கலாம். இதெல்லாம் வளர்ச்சிக் கணக்கில் வராதாம், வரப்போகிற எவனோ ஒருவனுக்கான ஒத்திகையாம். கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் படிவம் கிடையாது. கோயில் வாசலிலேயே வண்டிச் சாவிக்காக ஊர் கேட்கச் சண்டை போடுகிற தம்பதி, உள்ளே வந்து எனக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். நாற்பது கேள்வியை ஒரு தடவை அவர்களிடம் நீட்டிப் பாருங்களேன்.

பதினேழாம் கேள்வியை எழுத இடம் குறைந்துகொண்டே வருகிறது. நேற்று வந்த போன் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புத்தூர்ப் பக்கத்து வரன். பையனின் அம்மா பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசினார். பொறுமை உண்டா, ஜெப ஜீவியம் எப்படி, சுய பரிசோதனை செய்வதுண்டா, ஒன்றையும் கேட்கவில்லை. கவர்ன்மென்ட் ஸ்கூலா, பிரைவேட்டா என்று கேட்டார். சம்பளம் கேட்டார். வீடு யார் பேரில் என்று கேட்டார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "போட்டோல கண்ணாடி போட்டிருக்கே, எப்பவும் போடுவியா?" என்றார்.

"எப்பவும் போடுவேன் ஆன்ட்டி. உங்க பையனைப் பார்க்க வர்ற அன்னிக்கு மட்டும் வேணா கழட்டி வெச்சுடறேன், எனக்கும் அதுதான் நல்லது" என்றேன்.

போன் கட்டாகிவிட்டது. அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ராத்திரி இட்லிக்குச் சட்னி அரைக்கவில்லை, பொடிதான். எண்ணெயும் நானே எழுந்துபோய் ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.